கத்தரிப்பூ நிறமும் இரண்டு கேமராக்களும்

போன மாதம் யோகேஸ்வரி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மலேசியாவில், பத்து பாகாட் ஊரில் நான் வேலை பார்த்த துணி ஆலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. எனக்குக் கீழே பதினொரு வருடம் இருந்தவள். ஆலை விஷயமாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டால், அவள் மகளைப் பற்றிய விஷயம். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கைபேசிப் படம் அலுத்துவிட்டதாம். அந்தக் காலத்துச் சின்ன டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்குகிறார்களாம். மகள் இணையத்தில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறாள். ஒன்று வெள்ளி நிறம், ஒன்று கறுப்பு.

"அக்கா, இந்த ரெண்டு மாடலையும் நீங்கதானே அப்ப கிலாங்ல வச்சுக் கம்பேர் பண்ணீங்க? எது நல்லதுன்னு சொல்லுங்க லா," என்று முடித்திருந்தாள். கிலாங் என்றால் எங்கள் பேச்சில் ஆலை.

கறுப்பை வாங்கச் சொல், ஆனால் அவளுக்கு வெள்ளிதான் பிடிக்கும் என்று அன்றே பதில் அனுப்பிவிட்டேன். அது குறுகிய பதில். நீண்ட பதிலை யோகேஸ்வரிக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கேமரா ஒப்பீட்டால் ஒரு மனிதரின் வேலை போக இருந்தது. ஒப்பீடு செய்தவள் நான்.

எனக்கு இருபத்தொன்பது வருட நாட்குறிப்பு இருக்கிறது. அந்த வருடத்து நோட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆகவே கீழே வரும் கிழமைகளையும் நேரங்களையும் யாரும் சந்தேகப்பட வேண்டாம். கேமராக்களின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. இரண்டு கம்பெனிகளும் இன்னும் நன்றாக இருக்கின்றன, நானும் நன்றாக இருக்க விரும்புகிறேன்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஆலையில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் எனக்குக் கொடுத்த வேலை, அடியில் விளக்கு எரியும் மேசை மேல் துணி ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்ததால் விழும் கோடு. கண்டதும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மூன்றாவது மாதக் கடைசியில் பேருந்தில் முன் சீட்டில் இருக்கிறவர்களின் சட்டையிலும் ஊசிக்கோடு தேட ஆரம்பித்துவிட்டேன். அதற்குப் பிறகு வண்ண வில்லைகளை வரிசைப்படுத்தும் பரீட்சை வைத்தார்கள். எண்பத்தைந்து வில்லைகளில் இரண்டை மட்டும் மாற்றி வைத்தேன். நிறம் பார்க்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் மீதி வருடங்கள் போயின.

அந்த அறையின் தலைவர் திரு. தியோ. ஒல்லியான மனிதர், காலணியில் சத்தமே வராது. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவருக்குத் தமிழில் இரண்டே இரண்டு சொல் தெரியும். சாயப் பிரிவு ஆட்களிடமிருந்து கற்றது, "எப்பிடித் தெரியும்?" யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால், தன் ஹொக்கியன் சீன ராகத்தில் அதைக் கேட்பார். மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும்கூடத் தமிழிலேயே கேட்பார். ஆலை முழுக்க அதற்கு அர்த்தம் தெரியும்.

அறிக்கை படிப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. தாளை மேசையில் வைத்ததும், எவர்சில்வர் அடிக்கோலை எடுத்துக் கடைசிப் பத்தியின் மேல் வைத்து மறைத்துவிடுவார். மேலிருந்து படித்துக்கொண்டே வருவார். கோல் வரைக்கும் வந்ததும் நிமிர்ந்து, என் முடிவு என்னவாக இருக்கும் என்று அவரே சொல்வார். பிறகு கோலை எடுத்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால், அந்த இரண்டு தமிழ்ச் சொல். முடிவைப் படித்துவிட்டுக் காரணங்களைப் படித்தால் எல்லாக் காரணமும் நல்ல காரணமாகத்தான் தோன்றும் என்பது அவர் கட்சி.

நிறம் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். உள்ளே சாம்பல் வண்ணம் பூசிய ஒரு பெட்டி. மேலே மூன்று விதமான விளக்கு: பகல் வெளிச்சம் போல ஒன்று, கடை விளக்கு போல ஒன்று, வீட்டு மஞ்சள் பல்பு போல ஒன்று. ஒரே தடவையில் சாயம் போட்டு வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, ஒப்புதல் பெற்ற மாதிரித் துண்டோடு ஒட்டினாற்போல் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இடையில் கோடு தெரியக்கூடாது, பின்னல் ஒரே திசையில் இருக்க வேண்டும். பார்ப்பவர் சாம்பல் கோட்டு போட்டிருக்க வேண்டும். நகப்பூச்சு கூடாது. இரண்டு நிமிடம் கண்ணைப் பெட்டி வெளிச்சத்துக்குப் பழக்கி, பிறகு ஐந்து விநாடி மட்டும் பார்க்க வேண்டும். அதற்கு மேல் பார்த்தால் கண் சமாதானம் பேச ஆரம்பித்துவிடும். அப்புறம் துண்டுகளை இடம் மாற்றி இன்னொரு ஐந்து விநாடி. ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண். நாலரை என்றால் வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நான்குக்குக் கீழே போனால் சண்டை.

லாட் நன்றாக வந்ததும் துண்டைக் கூரியரில் சிங்கப்பூருக்கு அனுப்புவோம். அங்கே சீருடை தைக்கும் ஒரு கம்பெனி எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். துண்டு போய்ச் சேர்ந்து பதில் வர மூன்று நாள் ஆகும். டிஜிட்டல் கேமரா விலை இறங்கி எல்லாக் கடையிலும் தொங்கத் தொடங்கிய சமயத்தில், அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். முதல் லாட்டுக்கு மட்டும் துண்டு அனுப்புங்கள், அதோடு பெட்டி வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து மின்னஞ்சல் செய்யுங்கள். அடுத்த லாட்களுக்குப் படம் போதும், முதல் படத்தோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். கேட்டவுடன் எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

கேமரா வாங்க வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், கமலா ஒப்பிட்டு அறிக்கை கொடுக்கட்டும் என்று என்னைக் காட்டிச் சொன்னார் திரு. தியோ. ஊர்க் கடைக்காரர் இரண்டு கேமராக்களை ஒரு வாரத்துக்குப் பரிசோதனைக்குக் கொடுத்தார். எனக்கு அந்த வாரம் பண்டிகை மாதிரி இருந்தது.

நாட்குறிப்பில் ஒன்பது பக்கம் அதற்கே போயிருக்கிறது. சாயப்பொடி நிறுக்கும் தராசில் எடை பார்த்தேன்: வெள்ளி, பேட்டரியோடு 178 கிராம். கறுப்பு 151. பொத்தானை அழுத்தியதிலிருந்து படம் எடுக்கத் தயாராகும் நேரம், வெள்ளிக்கு மூன்று விநாடிக்கு மேல், கறுப்புக்கு இரண்டு. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் பன்னிரண்டில் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் படத்தில் முள் எங்கே இருக்கிறது என்று பத்துப் பத்து முறை பார்த்தேன். வெள்ளியில் முள் நகர்ந்திருக்கும், கறுப்பில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கிட்டத்தில் எடுத்தால் கறுப்பு இழையிழையாகக் காட்டியது. வெள்ளி இன்னும் கொஞ்சம் தள்ளி நில் என்றது. வெள்ளிக்கு மளிகைக் கடை பேட்டரி போதும், அது ஒரு வசதி. கறுப்புக்குத் தனி பேட்டரி, தனி சார்ஜர், அந்தச் சார்ஜர் தொலைந்தால் கதை முடிந்தது. மொத்தம் இருபத்து மூன்று தலைப்பு. கூட்டிப் பார்த்தால் கறுப்பு மூன்று மதிப்பெண் முன்னால் இருந்தது.

இரண்டு கேமராவுக்கும் நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக, அந்த வாரத்து வேலைப் படங்களைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் வெள்ளிக் கேமரா. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் கறுப்பு. படப் பதிவேட்டில் இதற்காகவே ஒரு கட்டம் போட்டு "வெ" அல்லது "க" என்று குறித்தேன். இவ்வளவு ஒழுங்காக ஒரு தப்பைச் செய்தவர்கள் குறைவு.

புதன்கிழமை மத்தியானம் ஆலையில் கைக்கு அகப்பட்ட பதினான்கு பேரை ஜன்னலோரம் நிற்க வைத்து இரண்டு கேமராவிலும் படம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை படங்களைப் பிரிண்ட் போட்டு, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி, ஓட்டு கேட்டேன். நல்ல படம் எது என்று மனிதர்கள் சொல்லட்டுமே என்பது என் எண்ணம். கூட்டம் சேர்ந்துவிட்டது. கணக்குப் பிரிவு ரோஹானி அக்கா ஒரு படத்தில் தான் விடுமுறைக்குப் போய்த் திரும்பியவள் மாதிரி இருப்பதாகவும், மற்றதில் வங்கியில் கடன் கேட்கப் போனவள் மாதிரி இருப்பதாகவும் சொன்னார். எல்லார் நிலைமையும் அதுதான். வெள்ளிக் கேமரா கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றி, முகத்தைப் பளிச்சென்று துடைத்து வைத்த மாதிரி காட்டியது. கறுப்பு, அடையாள அட்டைப் படம்.

சாயப் பிரிவிலிருந்து பெருமாள் அண்ணனும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஐம்பத்தொரு வயது, கைக்கு எப்போதும் முந்தின நாள் சாயத்தின் நிறம். அவரும் படத்துக்கு நின்றிருந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெள்ளியின் பக்கம் விரலை நீட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"மத்ததுல நான் நானாவே இருக்கேன் தங்கச்சி. அதான் புடிக்கல."

பன்னிரண்டு ஓட்டு வெள்ளிக்கு. கறுப்புக்கு இரண்டு, அதில் ஒருவர் வெள்ளிப் படத்தில் கண்ணை மூடியிருந்தார். என் ஓட்டும் வெள்ளிக்குத்தான்.

சனிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். திரு. தியோ வழக்கம்போலக் கடைசிப் பத்தியைக் கோலால் மறைத்துவிட்டுப் படித்தார். இருபத்து மூன்று தலைப்பையும் நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து, "கறுப்பு," என்றார். கோலை எடுத்தார். வெள்ளி என்று எழுதியிருந்தேன். தமிழில் கேட்டார். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, படம் நன்றாக விழுகிறது என்றேன். கொஞ்ச நேரம் கோலை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, கேமராதானே லா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் பார்க்க, அவர் கணக்கும் என் முடிவும் ஒத்துப்போகாமல் அவர் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, திங்கட்கிழமை புது வெள்ளியை வாங்கி வந்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் கம்பெனிக்கு அப்போது ஒரு கிளினிக் சீருடைக்காகக் கத்தரிப்பூ நிறத் துணி ஓடிக்கொண்டிருந்தது. சாயக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், கத்தரிப்பூ பொல்லாத நிறம். நீலமும் சிவப்பும் அதற்குள் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். எது ஒரு சொட்டு ஜெயித்தாலும் நிறம் மாறிவிடும். அதை இறக்குகிற பொறுப்பு பெருமாள் அண்ணனுடையது. முதல் லாட் போய், ஒப்புதலாகி, சட்டையாகவும் தைத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டாவது லாட். புதன்கிழமை படம் எடுத்து அனுப்பினேன். வியாழக்கிழமை காலை 9.15க்குப் பதில் வந்தது. இரண்டாவது லாட் தெளிவாகச் சிவந்திருக்கிறது, ஏற்க முடியாது, மறுபடி சாயம் போடுங்கள்.

நான் பெட்டிக்கு ஓடினேன். ஒப்புதல் துண்டோடு வைத்துப் பார்த்தேன். இடம் மாற்றிப் பார்த்தேன். மூன்று விளக்கிலும் பார்த்தேன். நாலரை. திரு. தியோவைக் கூப்பிட்டேன், என் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. அவரும் நாலரை என்றார்.

ஆனால் உற்பத்தி மேலாளருக்குப் பெட்டியில் நம்பிக்கை இல்லை. மனுஷன் கண் ஆளுக்கு ஆள் மாறும், படம் யாருக்காகவும் மாறாது என்றார். சிங்கப்பூர்க்காரர்கள் இரண்டு படத்தையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தார்கள். பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அவர் நேராகச் சாயப் பிரிவுக்குப் போனார்.

பெருமாள் அண்ணன் பெயரில் அந்த வருடம் ஏற்கனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. நீராவி அழுத்தம் இறங்குகிறது என்று யாரையும் கேட்காமல் இயந்திரத்தை நடுவில் நிறுத்தியதற்கு ஒன்று. வேறொருவர் நிறுத்துக் கொடுத்த சாயப்பொடியைத் தொட மாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் மல்லுக்கு நின்றதற்கு இன்னொன்று. எங்கள் ஆலையில் மூன்றாவது கடிதம் என்பது கிடையாது, மூன்றாவது என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை என்று அறிவித்தார்கள். ஐம்பத்தொரு வயதில், வேலையை விட்டு அனுப்பப்பட்ட சாயக்காரரை எந்த ஆலை எடுக்கும்?

அன்று மத்தியானம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். ஈரக் கையோடு உள்ளே வரக்கூடாது என்பது விதி, அதனால் வாசலோடு நின்றார்.

"துணி சரியா இருக்கா, இல்லையா?"

"சரியா இருக்குண்ணே. நாலரை."

"அப்ப நான் போட்டது சரி. வேற எங்கயோதான் தப்பு இருக்கு. எங்கன்னு கண்டுபுடி." சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தொலைந்த சாவியைத் தேடச் சொல்கிற மாதிரி சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு லாட்டின் துண்டுகளையும் கூரியரில் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். அது செவ்வாய்க்கிழமைதான் போய்ச் சேரும், விசாரணையோ திங்கட்கிழமை. விசாரணையைத் தள்ளி வைக்கக் கேட்டேன். நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி அனுப்பியிருப்பாய் என்றார் உற்பத்தி மேலாளர்.

மீதி நாள் முழுக்கப் படப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் லாட்டின் வரியையும் இரண்டாவது லாட்டின் வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டேன். வெளிச்சம்: பகல் விளக்கு, அதே. தூரம்: நாற்பது சென்டிமீட்டர், அதே. துணி மடிப்பு: நான்கு, அதே. பெட்டியின் விளக்கு மாற்றியது: இல்லை. மாலை 5.10க்குக் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். முதல் லாட், வியாழக்கிழமை: "க". இரண்டாவது லாட்: "வெ".

முதல் லாட் பரிசோதனை வாரத்தில் வந்திருந்தது. அது கறுப்பின் முறை வந்த நாள்.

அந்தக் கட்டத்தை நானே கோடு போட்டேன், நானே நிரப்பினேன், மூன்று வாரமாக ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. முகத்துக்குச் சிவப்பு ஏற்றுகிற கேமரா துணிக்கு மட்டும் ஏற்றாமல் விடுமா? இருபத்து மூன்று தலைப்பு எழுதினேன். கடிகார முள்ளைப் படம் எடுத்தேன், ஆலைத் தோட்டத்தை எடுத்தேன், பதினான்கு முகத்தை எடுத்தேன். ஒரே துணியை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. துணி ஆலையில்.

இது என் ஊகம்தான். ஊகத்தைக் கொண்டுபோனால் திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே துண்டை, ஒரே வெளிச்சத்தில், இரண்டு கேமராவிலும் எடுத்துக் காட்ட வேண்டும். வெள்ளி கையில் இருக்கிறது. கறுப்பு வேண்டும்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் கேமராக் கடைக்குப் போனேன். கறுப்பு விற்றுப்போய்விட்டது. அந்த மாடல் இனி வராது என்றார் கடைக்காரர். யார் வாங்கியது என்று கேட்டேன். பக்கத்து ஊர் ஆயர் ஈத்தாமில் சாலையோரம் மண்பாண்டக் கடை வைத்திருக்கும் தமிழ்க்காரம்மா, புஷ்பா என்று பெயர் என்றார். இரண்டு லாட்டுத் துண்டுகளையும் வெள்ளிக் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு நேராகக் காரை விட்டேன்.

ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகள் வரிசையாக இருக்கும். நான்காவது கடையில் அவரைப் பிடித்தேன். என்னை விடப் பத்து வயது பெரியவர், இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு பூச்சாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேமரா கழுத்தில் தொங்கியது. திங்கட்கிழமை வரைக்கும் இரவல் கிடைக்குமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் பேருந்து பேருந்தாக ஆள் வந்து இறங்கும், கொடுக்க முடியாது என்றார். சரி, இங்கேயே இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எதற்கு என்றார். முழுக் கதையையும் சொன்னேன். துடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"ஏங்க்கா, நீங்க எதுக்குக் கறுப்பு வாங்கினீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஒரு பச்சைச் சட்டியும் ஒரு செம்மண் சட்டியும் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். ரெண்டு கேமராவுலயும் புடிச்சுக் காட்டச் சொன்னேன். வெள்ளியில செம்மண்ணு குங்குமம் மாதிரி வருது. சிங்கப்பூர்க்காரன் படத்தப் பார்த்து ஆர்டர் பண்ணிட்டு, சட்டி வந்ததும் இது வேற சட்டின்னு சண்டைக்கு வருவான். எனக்கெதுக்கு?" என்றவர், துணியை உதறிக்கொண்டே, "நீங்க துணிய வச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. எங்க மூஞ்சிய வச்சுப் பாத்தோம்."

"அலமாக், அட கடவுளே." சாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்லா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்துச்சு."

அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் என்றுதான் நாட்குறிப்பில் இருக்கிறது. கடைக் கூரை நிழலில், வெயில் படாத ஒரு மேசையில், இரண்டாவது லாட்டின் துண்டை வைத்தேன். நாற்பது சென்டிமீட்டர் அளந்தேன். 3.25க்குக் கறுப்பில் ஒன்று, 3.26க்கு வெள்ளியில் ஒன்று. பிறகு முதல் லாட்டின் துண்டு, அதே மாதிரி. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தும் எடுத்தேன். கறுப்பின் நினைவு அட்டையை இரவல் வாங்கிக்கொண்டேன். அவர் சும்மா கொடுக்கவில்லை. ஆலை முறைப்படி தூரம் அளந்து, நிழலில் வைத்து, அவருடைய பதினெட்டுச் சாடிகளையும் எடுத்துக் கொடுத்த பிறகே அட்டையைக் கழற்றினார். புதன்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும் என்று என் கையிலேயே எழுதி வைத்தார்.

திங்கட்கிழமை பத்து மணி. மேசையின் ஒரு பக்கம் உற்பத்தி மேலாளரும் பணியாளர் நிர்வாக அதிகாரியும். மறுபக்கம் திரு. தியோ. பெருமாள் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படங்களைப் பிரிண்ட் போட்டால் பிரிண்டரைக் குறை சொல்வார்கள் என்று, கணினித் திரையையே திருப்பி வைத்துக் காட்டினேன். ஒரே துண்டு. ஒரு நிமிட இடைவெளி. கறுப்பில் கத்தரிப்பூ, வெள்ளியில் ஏறக்குறைய பீட்ரூட். அடுத்து இரண்டு லாட்டும் சேர்ந்த படம். எந்தக் கேமராவில் பார்த்தாலும் இரண்டு துண்டுக்கும் இடையே கோடு தெரியவில்லை. கடைசியாகத் துண்டுகளையே மேசை மேல் வைத்தேன்.

உற்பத்தி மேலாளர் துண்டைக் கையில் எடுத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, நடுவில் கேமராவை மாற்றியது யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன். மாற்றியதைச் சிங்கப்பூருக்குச் சொல்லாததும் நான். ஒப்பிட்டபோது துணியை வைத்துப் பார்க்காததும் நான். பதிவேட்டில் இருந்தது, படிக்கவில்லை.

"அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது," என்றார் திரு. தியோ, ஆங்கிலத்தில், மிக மெதுவான குரலில்.

நிர்வாக அதிகாரி சங்கடப்பட்டார். விசாரணைக் கோப்பைத் திறந்தாகிவிட்டது, ஒரு பெயரோடுதான் மூட முடியும். பெருமாள் அண்ணனின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். மத்தியானம் எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சாகி வந்தது. என் வேலைக் காலத்தில் நான் வாங்கிய ஒரே கடிதம் அதுதான். செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஒரு வரி வந்தது. துண்டு கிடைத்தது, நிறம் சரி, லாட்டை அனுப்பலாம்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் பெருமாள் அண்ணன் அறைக்கு வந்தார். இந்தத் தடவை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயே வந்து, கடிதத்தைக் காட்டச் சொன்னார். ஆங்கிலக் கடிதத்தை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார்.

"மொத லெட்டருதானே. இது ஒன்னும் செய்யாது. ஒரு வருசம் ஒழுங்கா இருந்தா கோப்ப விட்டு எடுத்துருவாங்க. ரெண்டாவது வந்தாத்தான் தூக்கம் போகும். அப்படி வந்தா என்கிட்ட வா, எப்படி நடந்துக்கணும்னு நான் சொல்றேன்."

நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "நாளைக்குக் காலையில மூனாவது லாட் இறங்குது. நீயே வந்து பாரு. கேமராவ எடுத்துட்டு வராத."

மறுநாள் 7.50க்குப் போனேன். இயந்திரத்திலிருந்து துணி நீராவியோடு வந்துகொண்டிருந்தது. ஈரத்தில் நிறம் பார்க்க முடியாது, ஒரு சுற்று கறுத்துத் தெரியும். அவர் ஓரத்தில் ஒரு முழம் வெட்டி, பிழிந்து, சூடான நீராவிக் குழாயின் மேல் போட்டார். நாங்கள் இருவரும் அது காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காய்ந்ததும் எடுத்து உதறி என்னிடம் நீட்டினார். நான் ஒப்புதல் துண்டைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"சரியா?" என்றார்.

"சரிண்ணே."

துணியை என் கையிலிருந்து வாங்கி, பல்லால் ஒரு கீறல் போட்டு இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார். இன்னொரு பாதியை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி," என்றார். "அடுத்த தடவ யாராச்சும் படத்தக் காட்டுனா, நான் துணியக் காட்டிக்கிறேன்."